மொரீஷியஸ் தமிழ்ப் பிள்ளைகளுக்குப் புவியியல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் தொடக்கப் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுப்பவள். சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்க் கோயில் வகுப்பையும் பார்த்துக்கொள்கிறேன். சில வருடங்களாக அந்த வகுப்பில் புவியியலைத் தமிழில் சொல்லித் தருகிறேன். பிள்ளையை விட வரும் அம்மா அப்பாக்களும், வேறு ஊர்க் கோயில்களில் வகுப்பு எடுப்பவர்களும் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன்.

பள்ளியில்தான் இந்தப் பாடம் இருக்கிறதே, தமிழ் வகுப்பில் மறுபடியும் எதற்கு?

நாலாம் கிரேடிலிருந்து வரலாறும் புவியியலும் சேர்ந்த பாடம் பள்ளியில் இருக்கிறது. அது ஆங்கிலத்தில். வீட்டில் பேசுவது கிரியோல், பத்திரிகை பிரெஞ்சில். தமிழுக்கு மிஞ்சுவது கோயில். எங்கள் பிள்ளைகளுக்கு விபூதி, அபிஷேகம், காவடி, பால்குடம் எல்லாம் தெரியும். சரிவு தெரியாது, ஓடை தெரியாது, தூறல் தெரியாது. பூசைச் சாமானோடு சேர்த்துத் தமிழையும் அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டோம் என்று எனக்கு வருத்தம் உண்டு.

மலையும் மழையும் காற்றும் ஒவ்வொரு நாளும் கண்ணில் படுகிறவை. அவற்றுக்குத் தமிழ்ச் சொல் பழகிவிட்டால், பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும்போதுகூட அந்தச் சொல் ஞாபகத்துக்கு வரும். அதற்காகத்தான்.

இரண்டு மொழியில் படித்தால் ஆறாம் கிரேடு பரீட்சையில் குழம்பிவிட மாட்டார்களா?

குழம்பி நான் பார்த்ததில்லை. விஷயம் ஒரு தடவை புரிந்துவிட்டால், அதை எந்த மொழியிலும் எழுதலாம். புரியாமல் மனப்பாடம் செய்த பிள்ளைதான் தடுமாறும்.

எந்த வயதில், எதிலிருந்து தொடங்குவது?

ஆறு வயதில், சாப்பாட்டு டப்பாவிலிருந்து. டப்பாவை மேசையில் வைத்து, பிள்ளையை நாற்காலியில் ஏற்றி, மேலிருந்து பார்த்து வரையச் சொல்லுங்கள். முதல் தடவை எல்லாரும் பக்கவாட்டில்தான் வரைவார்கள். ‘நீ காக்கை, மேலே பறக்கிறாய், இப்போது டப்பா எப்படித் தெரியும்?’ என்று கேட்டால் ஒரு சதுரம் வரும். அதுதான் முதல் வரைபடம். பிறகு வகுப்பறை, அதன் பிறகு கோயில் வளாகம், அப்புறம் வீட்டிலிருந்து கோயிலுக்கு வரும் வழி.

உலக உருண்டையை முதல் நாளே கொண்டு வராதீர்கள். ஆறு வயதுப் பிள்ளைக்கு அது நீலப் பந்து, அவ்வளவுதான். ஒன்பது வயதில் அதே உருண்டையைத் தேடி வந்து கேட்பார்கள்.

தமிழ்நாட்டுப் பாடப்புத்தகத்தை அப்படியே பயன்படுத்தலாமா?

படத்துக்கும் சொல்லுக்கும் பயன்படுத்தலாம், பாடத்துக்கு வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது.

முதல் வருடம் அங்கிருந்து வந்த ஒரு புத்தகத்தை வைத்து, ‘மேற்கே மலை, கிழக்கே கடல்’ என்று சொல்லிக் கொடுத்தேன். கிழக்கு என்ற சொல் ‘கீழ்’ என்பதிலிருந்தும், மேற்கு ‘மேல்’ என்பதிலிருந்தும் வந்தவை என்று விளக்கமும் சொன்னேன். மேற்குத் தொடர்ச்சி மலையிலிருந்து வங்கக் கடல் வரை சரிந்து இறங்கும் நிலத்தில் பிறந்த சொற்கள் அவை. மேற்குக் கரையில் உள்ள ஃப்லிக் ஆன் ஃப்லாக்கிலிருந்து வரும் ஒரு பையன் கையைத் தூக்கினான். “மிஸ், எங்கள் வீட்டில் கடல்தான் மேற்கே இருக்கிறது. மலை கிழக்கே.” அவன் சொன்னது சரி. அவன் வீட்டில் மேற்கு கீழே, கிழக்கு மேலே. கிழக்குக் கரையில் ஃப்லாக் பக்கத்திலிருந்து வரும் பிள்ளைக்குப் புத்தகம் சரியாக இருந்தது, இவனுக்குப் பொருந்தவில்லை. அன்றிலிருந்து ஒரு சொல்லைச் சொல்லிக் கொடுக்குமுன் அது எந்த மண்ணில் பிறந்தது, இந்தத் தீவில் அது எப்படி நிற்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போகிறேன்.

காற்றுப் பெயர்களைப் பாருங்கள். தெற்கிலிருந்து வருவது தென்றல், இதமான காற்று. வடக்கிலிருந்து வருவது வாடை, குளிர்காற்று. நமக்கு அப்படியே தலைகீழ். இங்கே தெற்குப் பக்கமிருந்து வரும் காற்றுதான் ஸ்வெட்டர் போட வைக்கும். கோடையில் வடக்கே இருந்து வந்தால் புழுக்கம். மாதங்களும் அப்படித்தான். மார்கழி என்றால் புத்தகத்தில் பனி, இங்கே வியர்வை. சித்திரை என்றால் அங்கே கத்திரி வெயிலுக்கு முன்னோட்டம், இங்கே வெயில் தணியத் தொடங்கும் நேரம். தைப்பூசக் காவடி எடுப்பவர்களின் கால் தாரில் சுடுவதைப் பிள்ளைகள் நேரில் பார்த்தவர்கள். அவர்களிடம் போய்த் தை மாதக் குளிரைப் பற்றிப் பேசினால் எப்படி நம்புவார்கள்?

இந்த வேறுபாட்டை மறைக்கத் தேவையில்லை, அதையே பாடமாக்கலாம். நான் கரும்பலகையில் பன்னிரண்டு தமிழ் மாதங்களை எழுதி, ஒரு பக்கம் ‘சென்னையில்’, மறுபக்கம் ‘இங்கே’ என்று இரண்டு நிரல் போடுவேன். இங்கே உள்ள நிரலைப் பிள்ளைகள் நிரப்புவார்கள்: லிச்சி பழுக்கும் மாதம், கரும்பு பூக்கும் மாதம், வெட்டு தொடங்கும் மாதம், சூறாவளி மாதம். அங்கே உள்ள நிரலுக்குச் சொந்தக்காரர்களுக்கு வாட்ஸ்அப்பில் போட்டுக் கேட்டு வருவார்கள். இந்தியா நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் இருப்பதும் அந்த வழியிலேயே தெரிந்துவிடும், ஏனென்றால் இங்கே எட்டரைக்குக் கேட்டால் அங்கே பத்து மணி, அத்தை தூங்கப் போயிருப்பார்.

திசையை எப்படிப் புரிய வைப்பது?

ஒரு மீட்டர் கம்பு ஒன்றும் திறந்த வெளியும் போதும். கம்பை நேராக நட்டு, மதியம் பன்னிரண்டு பத்து அளவில் நிழல் முனையில் ஒரு கல்லை வைக்க வேண்டும். நம் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது கடிகாரத்தின் பன்னிரண்டுக்குச் சற்றுப் பிந்தித்தான்.

ஜூன் கடைசியில் செய்து பாருங்கள். நிழல் தெற்கே விழும், கிட்டத்தட்டக் கம்பின் நீளமே இருக்கும், 95 சென்டிமீட்டர். சூரியன் வடக்கே நிற்கிறது என்று அப்போது பிள்ளைக்குத் தெரியும். அதே கம்பை டிசம்பர் கடைசியில் நட்டால் நிழல் 6 சென்டிமீட்டர்தான், அதுவும் வடக்குப் பக்கம். விரல் நீளம்கூட இல்லாத அந்த நிழலைப் பார்த்து எங்கள் வகுப்பில் ஒரு சின்னப் பெண், “மிஸ், கம்பு நிழலை விழுங்கிவிட்டது” என்றாள். நாம் பூமத்திய ரேகைக்குத் தெற்கே 20 பாகையில், மகர ரேகைக்கு உள்ளே இருக்கிறோம். அதனால்தான் சூரியன் வருடத்தில் கொஞ்ச நாள் நம் தலையைத் தாண்டித் தெற்கே போய் வருகிறது. பாகைக் கணக்கு சின்னவர்களுக்கு வேண்டாம். இரண்டு கல்லும் இரண்டு தேதியும் போதும்.

நிழல் பார்க்க முடியாத நாளில் கோயிலைப் பயன்படுத்துங்கள். பெரும்பாலான கோயில்கள் கிழக்கு பார்த்தவை. சன்னிதியிலிருந்து வெளியே பார்த்து நின்றால் முகம் கிழக்கு, வலக்கை தெற்கு, இடக்கை வடக்கு. இது எந்தத் தீவிலும் மாறாது.

எரிமலையை எப்படிச் சொல்வது? இங்கே எதுவும் வெடிப்பதில்லையே.

அம்மியைக் கொண்டு வரச் சொல்லுங்கள்.

கிரியோலில் ரோஸ் காரி என்கிறோமே, அதுதான். பாட்டி வீட்டுப் பின்புறத்தில் கறுப்பாகக் கிடக்கும். அதன் பக்கவாட்டைப் பிள்ளைகள் விரலால் தடவிப் பார்க்கட்டும். சில அம்மிகளில் ஊசிமுனை அளவு ஓட்டைகள் இருக்கும். சோடா பாட்டிலைத் திறந்தால் குமிழி வருவதுபோல், உருகிய பாறை மேலே வரும்போது அதிலிருந்த காற்று குமிழிகளாகக் கிளம்பியது. பாறை இறுகியபோது அந்தக் குமிழிகளின் இடம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. இதைச் சொன்னதும் வகுப்பு முழுவதும் அம்மியைச் சுற்றிக் கூடிவிடும். பாட்டி மிளகாய் அரைத்த கல் ஒரு காலத்தில் தீக்குழம்பாக ஓடியது என்பது அவர்களால் மறக்க முடியாத செய்தி.

அடுத்து கரும்புத் தோட்டம். வயலுக்கு நடுவே கோபுரம்போல் கறுங்கல் குவியல்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள், ஆனால் என்ன என்று கேட்டதில்லை. நிலம் முழுக்க எரிமலைக் கல்லாகக் கிடந்தது. கரும்பு நட வேண்டும் என்றால் கல்லைப் பொறுக்கி அகற்ற வேண்டும். 1834-க்குப் பிறகு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் கொள்ளுப்பாட்டன்மார் கையால் தூக்கி அடுக்கிய கற்கள் அவற்றில் உண்டு. புவியியலும் வரலாறும் ஒரே குவியலில் இருக்கின்றன. இந்த இடத்தில் நான் அவசரப்படுவதில்லை. பிள்ளைகள் எவ்வளவு நேரம் கேட்டாலும் சொல்வேன்.

ஒன்பது, பத்து வயதானவர்களுக்கு மெழுகுவர்த்தி விளையாட்டு. ஆசிரியர்தான் செய்ய வேண்டும், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீரும் இருக்க வேண்டும். எரியும் மெழுகுவர்த்திக்கு மேலே, தீ பட்டும் படாமலும், ஒரு தடித்த தாளை மெதுவாக நகர்த்தினால் தாளில் வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் விழும். மெழுகுவர்த்தி நகரவில்லை, தாள்தான் நகர்ந்தது. பூமிக்கு அடியில் சூடான ஓர் இடம் அப்படி இருக்கிறது, மேலே பூமியின் ஓடு வடகிழக்கே நகர்ந்துகொண்டே போகிறது. முதல் பெரிய புள்ளி இந்தியாவின் தக்காணப் பாறைகள், சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன். பிறகு மாலத்தீவு வரிசை. பிறகு, சுமார் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன், நாம். இப்போது மெழுகுவர்த்திக்கு மேலே இருப்பது பக்கத்துத் தீவு ரியூனியன், அதனால்தான் அங்குள்ள பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை இன்றும் அடிக்கடி கக்குகிறது. நாம் தீயைத் தாண்டி நகர்ந்து வந்துவிட்டோம். ‘கியூர்பிப்பில் ட்ரூ ஓ செர்ஃப் எரிமலைப் பள்ளம் திடீரென்று வெடித்தால்?’ என்று பயப்படும் பிள்ளைக்கும் இதிலேயே பதில் கிடைக்கிறது.

கியூர்பிப்பில் மட்டும் ஏன் எப்போதும் மழை?

தென்கிழக்கிலிருந்து வரும் காற்று கடலிலிருந்து ஈரத்தை அள்ளிக்கொண்டு வருகிறது. கியூர்பிப் இருக்கும் நடு மேட்டுநிலம் குறுக்கே நிற்கிறது. காற்று மேலே ஏறும்போது குளிர்கிறது, குளிர்ந்த காற்றால் அவ்வளவு ஈரத்தைத் தாங்க முடியாது, மழையாகக் கொட்டிவிடுகிறது. மறுபக்கம் இறங்கும்போது கையில் ஒன்றும் மிச்சமில்லை. மேட்டுநிலத்தின் உச்சியில் வருடத்துக்கு 4,000 மில்லிமீட்டர் வரை பெய்யும், மேற்குக் கரையில் 1,000-கூட எட்டாது. இவ்வளவு சின்னத் தீவில்!

கோயில் படிக்கட்டில் இதை நடித்துக் காட்டலாம். நன்றாக நனைத்த பஞ்சை ஒரு பிள்ளை கையில் பிடித்து ஏற வேண்டும், ஒவ்வொரு படியிலும் ஒரு பிழி. உச்சிப் படியில் பஞ்சு காய்ந்துவிடும். மறுபக்கம் இறங்கும்போது பிழிந்தாலும் சொட்டு வராது. அங்கே நிற்கும் பிள்ளைக்கு, மேற்குக் கரை ஊரான ‘தமரின்’ என்று எழுதிய அட்டையைக் கொடுத்துவிடுங்கள். தமரினில் உப்பளமும் புவா ஷெரியில் தேயிலையும் இருப்பதற்குக் காரணத்தை அவர்களே சொல்வார்கள். உப்பு காய வெயில் வேண்டும், தேயிலை துளிர்க்க ஈரம் வேண்டும்.

முடிந்தால் போர்ட் லூயிஸிலிருந்து கியூர்பிப் வரை மெட்ரோவில் ஒரு தடவை கூட்டிப் போங்கள். கடல் மட்டத்தில் ஏறி, 550 மீட்டர் உயரத்தில் இறங்குகிறோம். ஒவ்வொரு நிலையத்திலும் பிள்ளைகள் நோட்டில் மூன்று விஷயம் எழுத வேண்டும்: வானம் எப்படி, தரை ஈரமா, கை குளிர்கிறதா. போன ஆகஸ்டில் நாங்கள் போனபோது போர்ட் லூயிஸில் வெயில், ரோஸ் ஹில்லில் மேகம், ஃப்ளோரியல் வந்ததும் ஜன்னலில் சாரல். சாரல் என்ற சொல்லை நான் வாயால் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. ஜன்னலைக் காட்டினேன், எழுதிக்கொண்டார்கள்.

தமிழ்நாட்டோடு நமக்குப் புவியியலில் ஏதாவது தொடர்பு உண்டா, அல்லது வெறும் பரம்பரைத் தொடர்புதானா?

காற்றுத் தொடர்பு இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த பாடம் இதுதான்.

‘ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும்’ என்று பழமொழி. ஆடி மாதத்தில் இங்கேயும் காற்று பலமாக அடிக்கும், தென்கிழக்கிலிருந்து. அந்தக் காற்று வடமேற்காகக் கடலைக் கடந்து போய், பூமத்திய ரேகையைத் தாண்டுகிறது. பூமி சுழல்வதால் ரேகைக்குத் தெற்கே இடப்பக்கம் சாய்ந்து போன காற்று, வடக்கே போனதும் வலப்பக்கம் திரும்புகிறது. திரும்பி, தென்மேற்குப் பருவக்காற்றாக இந்தியக் கரையில் ஏறுகிறது. நம் தீவுக்குத் தெற்கே கடலில் காற்றழுத்தம் கூடி நிற்கும் பகுதிக்கு வானிலைக்காரர்கள் வைத்த பெயரே மஸ்கரீன் உயரழுத்தம், நம் தீவுக் கூட்டத்தின் பெயர். அது வலுவாக இருக்கிறதா என்பதைப் பார்த்துத்தான் இந்தியப் பருவமழையைப் பற்றிப் பேசுவார்கள். குற்றாலச் சாரலில் நம் பக்கத்துக் காற்றுக்கும் ஒரு பங்கு உண்டு.

மைதானத்தில் சுண்ணாம்பால் ஒரு நீளக் கோடு போடுங்கள், அது பூமத்திய ரேகை. ஒரு மூலையில் ‘மொரீஷியஸ்’, எதிர்ப்பக்கம் ‘கேரளம்’, அதற்கு அந்தப் பக்கம் ‘குற்றாலம்’ என்று மூன்று பேரை நிறுத்துங்கள். நீலத் துப்பட்டாவைப் பிடித்துக்கொண்டு ஒரு பிள்ளை வடமேற்காக ஓட வேண்டும், கோட்டைத் தாண்டியதும் வலப்பக்கம் வளைய வேண்டும். முதல் தடவை எல்லாரும் நேராகத்தான் ஓடுவார்கள். மூன்றாவது தடவை சரியாக வரும். அதன் பிறகு வரைபடத்தில் அம்புக்குறி வரைவது பெரிய விஷயமே இல்லை.

குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை: ஐந்திணையை இங்கே சொல்லிக் கொடுக்கலாமா?

ஐந்தாம் கிரேடுக்கு மேல் தாராளமாக. மலையும், அதைச் சேர்ந்த இடமும் குறிஞ்சி, காடு முல்லை, வயல் மருதம், கடற்கரை நெய்தல். காத்ர் போர்னில் கோர் தெ கார்த் மலைச்சரிவில் இருக்கும் முருகன் கோயிலுக்குக் காவடிக்கு ஏறிய பிள்ளைக்குக் குறிஞ்சியை விளக்கவே வேண்டாம். முருகன் குறிஞ்சிக் கடவுள், மலைமேல் இருக்கிறார், முடிந்தது. நெய்தலும் எளிது.

மருதத்தில்தான் சண்டை வரும். மருதம் என்றால் நெல். நமக்குக் கரும்பு, அதுவும் கறுங்கல் பூமியில். ‘வயல்தானே, மருதம்தான்’ என்று பாதிப்பேர், ‘நெல்லே இல்லை, எப்படி மருதம்?’ என்று மீதிப்பேர். நான் தீர்ப்புச் சொல்வதில்லை. பழைய பெட்டிக்குள் தீவை முழுவதும் அடைக்க வேண்டிய கட்டாயம் இல்லை. ஒரு வருடம் பிள்ளைகள் கரும்பு நிலத்துக்குத் தாங்களாகவே ஒரு பெயர் வைத்தார்கள். வைக்கட்டும்.

ஊர்ப்பெயர்களைத் தமிழில் எப்படி எழுதுவது? மொழிபெயர்க்கலாமா?

மொழிபெயர்க்காதீர்கள். ரோஸ் ஹில் ரோஸ் ஹில்தான். வாயில் எப்படி வருகிறதோ அப்படி எழுதுங்கள். பிரெஞ்சு உச்சரிப்புக்குத் தமிழ் எழுத்து அவ்வளவாக ஒத்துழைக்காது, பரவாயில்லை. ஆனால் அர்த்தத்தைச் சொல்லிக் கொடுங்கள். லெ பூஸ் என்றால் கட்டைவிரல். போர்ட் லூயிஸில் நின்று அந்த மலையைப் பார்த்துத் தன் கட்டைவிரலையும் தூக்கிப் பார்த்த பிள்ளை பிறகு பெயரை மறப்பதில்லை.

சில பெயர்கள் நம் கையிலிருந்தே போனவை. மெட்ரோவில் கோரமண்டல் என்று ஒரு நிலையம் வருகிறது. தமிழ்நாட்டின் கிழக்குக் கரையை ஐரோப்பியர் கோரமண்டல் என்றார்கள், சோழமண்டலம் என்ற பெயரின் திரிபு அது. போர்ட் லூயிஸில் ட்ராங்கேபார் என்று ஒரு பகுதி. தரங்கம்பாடியை ஐரோப்பியர் அப்படித்தான் அழைத்தார்கள். கூலிகள் வருவதற்கு நூறு வருடம் முன்னாலேயே, லா பூர்தொனே ஆளுநராக இருந்த 1730-களில், புதுச்சேரிப் பக்கமிருந்து கொத்தரும் தச்சரும் இங்கே வந்து துறைமுகத்தைக் கட்டினார்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லலாம்.

சந்தைக்கும் ஒரு நடை போங்கள். கிரியோலில் ப்ரெத் முரும் என்கிறோமே, அது முருங்கைக் கீரை. காரிபுலே கறிவேப்பிலை. பிபங்காய் பீர்க்கங்காய். கடலைத் தாண்டி வந்த சொற்கள் காய்கறிக் கடையில் கிடக்கின்றன.

உலக வரைபடத்தில் நம் தீவே தெரிவதில்லை. பிள்ளை மனம் சுருங்கிப் போகிறது. என்ன சொல்வது?

அளவைச் சொல்லுங்கள், உண்மையை மறைக்க வேண்டாம். நம் பெரிய தீவு வடக்கு தெற்காகச் சுமார் 65 கிலோமீட்டர், குறுக்கே 45. பரப்பு 1,865 சதுர கிலோமீட்டர். நம் நாட்டைப்போல் சுமார் 1,600 நாடுகள் இந்தியாவுக்குள் அடங்கும்.

ஆனால் நாடு என்பது அந்த ஒரு தீவு மட்டும் இல்லை. ரோட்ரிக்ஸ் கிழக்கே சுமார் 560 கிலோமீட்டர். அகலேகா வடக்கே ஆயிரத்துக்கும் மேல். ஒரு நீளமான துணியை விரித்து, 100 கிலோமீட்டருக்கு ஒரு சாண் என்று வைத்து, புளியங்கொட்டைகளைத் தீவுகளாக அடுக்கச் சொல்லுங்கள். ரோட்ரிக்ஸ் ஐந்தரைச் சாண் தள்ளிப் போய் உட்காரும், அகலேகா துணியை விட்டே வெளியே போகும். அப்போது, “இவ்வளவு கடலும் நம்முடையதா?” என்று கேட்பார்கள். சென்னையையும் வைக்க வேண்டும் என்றார்கள் ஒரு தடவை. சுமார் 4,500 கிலோமீட்டர், நாற்பத்தைந்து சாண். கோயில் வாசலைத் தாண்டி, செருப்பு விடும் இடம் வரை போய் வைத்துவிட்டு வந்தார்கள்.

சூறாவளியைப் பற்றிப் பேசினால் பயப்படுகிறார்களே?

பேசாமல் இருந்தால் இன்னும் பயப்படுவார்கள். 2024 பொங்கல் அன்றுதான், ஜனவரி 15, பெலால் சூறாவளி வந்தது. போர்ட் லூயிஸ் தெருக்களில் கார்கள் மிதந்ததை எல்லாப் பிள்ளைகளும் போனில் பார்த்தார்கள். பொங்கப் பானை வைக்க முடியாமல் போன வீட்டுப் பிள்ளை அதைப் பற்றிக் கேட்காமல் இருக்குமா?

கையில் ஒரு வேலை கொடுங்கள். கட்டம் போட்ட தாளில் நம் தீவைக் குறித்து, குறுக்கே அட்சக் கோடுகளும் நெடுக்கே தீர்க்கக் கோடுகளும் எண்ணோடு போட்டுக் கொடுத்துவிடுவேன். ரேடியோ அறிக்கையில் சூறாவளி இருக்கும் இடத்தை எண்ணாகச் சொல்வார்கள். ஒவ்வொரு அறிக்கைக்கும் ஒரு புள்ளி, புள்ளிகளைச் சேர்த்தால் பாதை. பாதையைக் கையால் வரைகிற பிள்ளை, வீட்டில் பெரியவர்களுக்கே விளக்கம் சொல்ல ஆரம்பித்துவிடும். எச்சரிக்கை வகுப்பு ஒன்றிலிருந்து நான்கு வரை என்ன என்பதையும் சொல்லிவிடுங்கள்: மூன்றாம் வகுப்பு என்றால் மணிக்கு 120 கிலோமீட்டர் காற்று சில மணி நேரத்தில் வரலாம், நான்கு என்றால் வந்துவிட்டது.

தொலைக்காட்சிப் படத்தில் சுழல்வதையும் கவனிக்கச் சொல்லுங்கள். நம் பக்கம் கடிகாரம் சுற்றும் திசை, வங்கக் கடல் புயல் அதற்கு எதிர்த்திசை. காரணத்தைப் பெரிய வகுப்பில் படிக்கட்டும், கவனித்தது இப்போதே இருக்கட்டும்.

பெரியவர்களிடம் 1960-இல் வந்த கரோல் சூறாவளியைப் பற்றிக் கேட்டு வரச் சொன்னால், வீட்டுச் சுவர் ஏன் கான்கிரீட் ஆனது என்பதும் தெரிந்துவிடும்.

எனக்கே தமிழ் சரியாக வராது. வீட்டில் எப்படி உதவுவது?

கிரியோலில் பேசுங்கள். நடுவே ஒரு தமிழ்ச் சொல் போதும், வாரத்துக்கு ஒன்று. மழை வந்தால் ‘தூறல்’, வலுத்தால் ‘அடைமழை’. பிள்ளையையே உங்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள், அதில் அவர்களுக்கு அப்படி ஒரு பெருமை.

எங்கள் கோயிலில் புதிதாகத் தொடங்குகிறோம். முதல் நான்கு வாரம் என்ன செய்யலாம்?

முதல் வாரம் சாப்பாட்டு டப்பா. இரண்டாம் வாரம் கோயில் வளாகத்தை நடந்து அளந்து வரைவது. எத்தனை அடி என்று காலால் அளக்கட்டும், ஒவ்வொருவர் அடியும் வேறாக இருப்பதால் வரும் சண்டையை விட்டுவிடுங்கள், அளவுகோல் எதற்கு என்று அதிலேயே புரியும். மூன்றாம் வாரம் கம்பும் நிழலும், மேகமாக இருந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளுங்கள். நான்காம் வாரம் அம்மி. அது கனமான கல், பிள்ளை கையில் கொடுத்து அனுப்ப வேண்டாம், காரில் வரும் யாராவது ஒருவரிடம் சொல்லி வையுங்கள். திருப்பி அனுப்பும்போது குழவியையும் மறக்காமல் அனுப்புங்கள், பாட்டிமார் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.